நைனாவுக்கு வாங்கிய கத்தி

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் ஆயிரம் கேள்வி கேட்பவன் நான். யாருக்காக வாங்குகிறேனோ அவரிடம் மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டேன். இந்தக் குணம் தலை நரைத்த பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. என் இருபத்து நாலாவது வயதில், ஒரு மடக்குக் கத்தி வாங்கிய விஷயத்தில் அது உச்சத்தைத் தொட்டது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல் பயிரிட்டவர். வேட்டி மடிப்பில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி செருகியிருக்கும். சணல் அறுக்க, மூட்டை பிரிக்க, வெள்ளரிக்காய் நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பக்கத்து நிலத்துக்காரர்களும் கத்தி வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருஷம் இருக்கும். தை அறுவடை முடிந்த வாரம் அவருக்கு வாதம் வந்தது. பேச்சு திரும்பியது. கால் முக்கால்வாசி திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவே இல்லை.

அதன்பின் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடக்கையால் சாப்பிட்டார். நாலு பேர் முன்னால் இடக்கையில் சோறு பிசைய வேண்டுமே என்று கல்யாணம் காட்சிக்குப் போவதையும் விட்டுவிட்டார். ஆனால் கத்தியை மட்டும் விடவில்லை. அலகைப் பல்லால் கடித்துக்கொண்டு, பிடியை இடக்கையால் இழுத்துத் திறப்பார். ஒரு நாள் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அம்மா கத்தியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் என் தங்கை குமுதாவுக்குக் காவாந்தண்டலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. (பிடிக்காதவள்போல் மூஞ்சியை வைத்துக்கொண்டு போட்டோவை நாலு முறை வாங்கிப் பார்த்தாள்.) பெண்ணின் அப்பா படுத்த படுக்கை என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருந்தார்கள். தரகர் ஒளிக்காமல் சொன்னார்.

"பெரியவரு எய்ந்து நடமாடறாரா, வேல வெட்டி பாக்கிறாரா, அதான் அவங்களுக்குத் தெரியணும். நாளைக்கு எல்லாம் மாப்ள தலைல வந்து வியும்னு பயப்படறாங்க."

நைனா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"விவசாயி வூட்டுக்கு வரவன் நெல்லப் பாக்காம போவமாட்டான். மூட்டைய நானே என் கையால பிரிச்சுக் காட்றேன். ஒத்தக் கையால தொறக்கிற மாரி ஒரு கத்தி வாங்கிக்கினு வா. மத்தத நான் பாத்துக்கறேன்."

நான் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். இரும்பில் எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று அந்த வயதில் ஒரு நம்பிக்கை. வார லீவில் பாரிமுனைக்குப் போய் ஒரு கத்திக் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன்.

கடைக்காரர் மூன்று தினுசு காட்டினார். முதலாவது, பொத்தானை அமுக்கினால் சடாரென்று பாய்ந்து திறப்பது. வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு குனியும்போது பொத்தான் அமுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்துத் தள்ளி வைத்தேன். இரண்டாவது, அலகின் அடியில் வால்போல் நீட்டிக்கொண்டிருப்பதை விரலால் தட்டி, மணிக்கட்டை ஒரு உதறு உதற வேண்டும். நோயாளிக்கு உதறலாகாது. மூன்றாவதில் அலகின் ஒரு பக்கத்தில் குன்றிமணி அளவு ஒரு குமிழ். கட்டைவிரலால் தள்ளினால் அலகு நிதானமாகச் சுழன்று வந்து 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும்.

"இதுதான்" என்றேன்.

கடைக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் அதற்குள் பூட்டின் தகடு எத்தனை நாள் உழைக்கும் என்று ஆரம்பித்துவிட்டேன். பாவம், அவர் விட்டுவிட்டார்.

கடையிலிருந்து நேரே கம்பெனிக்குப் போய்விட்டேன். பிறகு ஊருக்கு வரும் பஸ்ஸில் திறந்து மூடி, திறந்து மூடி ஒரு நூறு தரமாவது சோதித்திருப்பேன். பக்கத்தில் இருந்தவர் வாலாஜாபாத்திலேயே எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார். ஒரு முறைகூடக் கத்தி தகராறு செய்யவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நைட் ஷிப்ட் முடித்து வீடு வந்தேன். நைனா சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் கத்தியை நாலு தடவை திறந்து காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. வாதம் வந்த பிறகு அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அவுரு கைல குடுடா. ஒரு தபா தொறந்து பாக்கட்டும்" என்றாள் அம்மா.

"தொறக்கிறதுக்கு இன்னாம்மா கீது இதுல? கொயந்த கூடத் தொறக்கும்" என்று சொல்லி ஐந்தாவது தடவையும் நானே திறந்து காட்டினேன். வாசலில் வேன் வந்து நின்றது. நைனா கத்தியை வாங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

பையனின் அப்பா உயரமான மனிதர், அளந்துதான் பேசினார். காபி ஆனதும் கூடத்து மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தார்.

"இன்னா நெல்லு?"

"வெள்ளப் பொன்னி" என்று சொல்லிக்கொண்டே நைனா எழுந்தார். யாரையும் பிடிக்காமல் எழுந்து, காலை இழுத்து இழுத்து மூட்டை வரைக்கும் நடந்தார். இடக்கையால் கத்தியை எடுத்தார். கட்டைவிரலால் தள்ளினார்.

அங்கே தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை. வெறும் இரும்பு வழுக்கியது. குமிழ் அந்தப் பக்கம், மற்ற விரல்களுக்கு அடியில் கிடந்தது. வலக்கைக்காரனுக்குச் செய்த கத்தி. நான் நூறு தடவை சோதித்ததும் என் வலக்கையால்தான்.

நைனா இன்னொரு முறை தள்ளினார். கத்தியைப் புரட்டினார், திருப்பினார். நெற்றியில் வேர்த்தது. பிறகு, பழக்கத்தில், கத்தி வாய் அருகே போனது. பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "குடு நைனா" என்று வாங்கி, ஒரே கையால் 'டிக்' என்று திறந்து நீட்டினேன்.

"தம்பி கைக்கு நல்லா தொறக்குது" என்றார் பையனின் அப்பா. கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

நைனா மூட்டையின் தையலை ஒரே இழுப்பில், கோணாமல் அறுத்தார். கத்தியை மூட்டை மேல் வைத்துவிட்டு நெல்லை அள்ளி நீட்டிய பிறகுதான் அது இடக்கை என்று அவருக்கு உறைத்தது. பையனின் அப்பா ஒரு கணம் தயங்கினார். பிறகு குனிந்து வாங்கிக்கொண்டார்.

கஷ்டம் அதோடு முடியவில்லை. அந்தக் கத்தியின் பூட்டும் வலக்கைக் கட்டைவிரலுக்கே செய்தது. மறுபடி எடுத்த கத்தியை நைனாவால் மூட முடியவில்லை. என்னிடம் கொடுக்கவும் மாட்டேன் என்றார். திறந்த கத்தியைப் பிடித்தபடியே உட்கார்ந்து பேசினார். வாசல் வரை வந்து, கும்பிட வழியில்லாமல், அந்தக் கத்தியோடேயே வந்தவர்களை வழியனுப்பி வைத்தார். டிரைவர் வண்டியைக் கொஞ்சம் வேகமாகத்தான் எடுத்தார்.

நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார். "கொஞ்ச நாள் போவட்டும்னு சொல்றாங்க" என்றார். எங்களுக்குப் புரிந்துவிட்டது. குமுதா அழவில்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணா, எந்தக் கைக்கு வாங்கின நீ?"

எனக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது.

மறுநாள் கம்பெனியில் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குமிழின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகாணி. கழற்றி மறுபக்கம் மாட்டினால் இடக்கைக் கத்தி. பூட்டை ஆள்காட்டி விரலால் தள்ளி மூடப் பழகிக்கொள்ளலாம். இரண்டு நிமிஷ வேலை. ஃபிட்டராம் ஃபிட்டர். மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். நைனா வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் மடிப்பில் செருகிக்கொண்டார். அவர் அதைத் திறந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்தில் குமுதாவுக்கு ராஜகுளத்தில் கல்யாணமாகி, நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் நான் செருப்பு வாங்கினாலும் சரி, மிக்ஸி வாங்கினாலும் சரி, "எந்தக் கைக்கு வாங்கின?" என்பாள். நைனா அதற்கு ஒரு முறைகூடச் சிரித்ததில்லை.

அதற்கும் மூன்று வருஷம் கழித்து நைனா போனார். குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணி கிழிக்க வேண்டும். புது வேட்டி, கையால் கிழிபடவில்லை. "கத்தி இருந்தா குடுங்கப்பா" என்றார் ஒருவர். நைனாவின் பழைய வேட்டி மடிப்பிலிருந்து அதை எடுத்து வந்தேன். குமிழ் தேய்ந்து வழுவழுவென்று பளபளத்தது. யாருக்கும் தெரியாமல் எத்தனை ஆயிரம் தடவை திறந்தாரோ.

வலக்கையில் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளினேன். வழுக்கியது. மறுபடி தள்ளினேன். சாவுக்கு வந்த ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கத்தியைப் புரட்டினேன், திருப்பினேன்.

அழுதுகொண்டிருந்த குமுதா தலையைத் தூக்கினாள்.

"எந்தக் கைக்குண்ணா வாங்கின?"

அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் அழுகையும் சிரிப்புமாகக் கத்தியை இடக்கைக்கு மாற்றினேன். தொட்டதும் திறந்துகொண்டது.