என் வாய் அசைகிறது, அவன் பாட்டு கேட்கிறது

சேசுவில் அன்பான அல்போன்சா அக்காவுக்கு, விவேக் நகரிலிருந்து தம்பி இஞ்ஞாசிமுத்து எழுதிக்கொள்வது. நானும் கேத்தரினும் சுகம். சந்தாபுராவில் உன் முழங்கால் சுகமா? நிற்க.

என் மகன் க்ளெனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, "பிசாசை விட்டுவிடுகிறாயா?" என்று சாமியார் கேட்டார். ஞானத்தாயாக நின்று அவனுக்காக "விட்டுவிடுகிறேன்" என்றவள் நீ. அவன் விடவில்லை அக்கா. நீதான் பதில் சொல்லணும்.

பத்து வருஷம் பங்க் மியூசிக் என்று மேடையில் கத்தினான். கிழிந்த பேண்ட்டில் குத்தியே கேத்தரினின் ஊக்கெல்லாம் தீர்ந்தது. ட்ரம்ஸ் அடித்தவன் கனடா போனதும் கேமராவைத் தூக்கினான். இப்போ டாக்குமென்டரி டைரக்டராம். முதல் படத்துக்கு ஆள் யார்? நான்தான். "டாடி, உங்க ஃபேக்டரி ஸ்ட்ரைக் கதையைச் சொல்லுங்க" என்று காலரில் மைக்கை மாட்டி ஒன்பது நாள் உட்காரவைத்தான். பெத்த பிள்ளை வாயையே பார்த்து உட்கார்ந்தா மனசு இளகாதா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியார்கிட்டகூட முழுங்கினதைச் சொல்லிட்டேன். எல்லாரும் வெளியே நிக்க, முதல் ஆளா நான் வேலைக்குப் போனேனே, பிள்ளைக்குப் பால் பவுடர்னு ஊருக்கெல்லாம் சொன்னேனே, அது பொய். பயந்துட்டேன். அன்னிலேர்ந்து யூனியன் லீடர் மஞ்சுநாத் என்னோட பேசறதில்லை, முப்பத்தைஞ்சு வருஷம்.

தொம்மலூரில் படம் போட்டான். மஞ்சுநாத் காதில் விழட்டும்னு, அவன் மகள் ரக்ஷிதாவைக் கெஞ்சி அவனை வரவழைச்சேன். திரையில் என் வாய் அசையுது. கேட்கிறது க்ளென் கத்தின பழைய பாட்டு! கடைசிவரைக்கும் அதேதான். "டயலாக் ஓவரா இருந்துச்சு டாடி, உங்க முகமே போதும்"ங்கிறான். முகம் போதும்னா என் கல்யாண போட்டோவைக் காட்டியிருக்கலாமே! மஞ்சுநாத் எழுந்து போறப்போ, "பாட்டு சென்னாகிதே" என்றான். இத்தனை வருஷம் கழிச்சு அவன் வாயைத் திறந்தது, பாட்டு நல்லாயிருக்குன்னு சொல்ல!

படத்தை வெளியிட என் சம்மதக் கையெழுத்து வேணுமாம். செத்தாலும் போடமாட்டேன். நீ போன் பண்ணி அவனை உண்டு இல்லைன்னு பண்ணு.

குழந்தை சேசு உன் முழங்காலையும் என் மானத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
இஞ்ஞாசிமுத்து

பி.கு.: கையெழுத்துப் போட்டுட்டேன். கவரை ஒட்டறப்போ க்ளென் வந்தான். கையில் கேமரா இல்லை. "காலர் மடிஞ்சிருக்கு டாடி"ன்னு சரிபண்ணிட்டு, "அன்னிக்குப் பயந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னான். அழுதுகிட்டே சொன்னேன், அவனும் அழுதான், நீட்டின பேப்பரில் போட்டுட்டேன். அவன் முகம் கழுவப் போனப்போதான் காலருக்கு அடியில் மைக்கைப் பார்த்தேன். பிடுங்கி எறியலாம்னு கை போச்சு. அப்புறம் மைக் பக்கமே குனிஞ்சு, "மஞ்சுநாத், நான் பண்ணினது தப்புதான்டா"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். ஒண்ணை வெட்டினாலும் ஒண்ணாவது இருக்கட்டும்.