கோட்டையர் வெட்டிய அகழி

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மதில் இல்லாத வீடு இல்லை. ஆனால், மதிலுக்கு வெளியே அகழியும் வெட்டிய மனிதர் உலகத்திலேயே எங்கள் ஒழுங்கையில் மட்டும்தான் இருக்கிறார். கோட்டையர் என்று கேட்டால்தான் தபால்காரருக்கே ஆளைத் தெரியும்.

மனைவி போய்ச் சேர்ந்தபின் தனி ஆள். ஒரே மகனுக்கு ஸ்பெயினில், ஒரு பிரபு குடும்பத்தின் கோட்டையில் சமையல் வேலை. அவன் அனுப்பிய படங்களைப் பார்த்தே இவர் சரித்திரப் பேராசிரியர் ஆகிவிட்டார். வாசலில் அகப்பட்டால் தொலைந்தோம்.

"வட்டக் கோபுரம் பூட்டன் சண்டைக்குக் கட்டினது. வளைவு வைச்ச முற்றம் பேரன்ரை கலியாணத்துக்கு. எல்லாத் தலைமுறையும் ஒரே வளவுக்குள்ளை! வீடு அப்பிடி இருந்தால் பிள்ளையள் ஏன் வெளியிலை போகினம்?"

மகன் திரும்பி வர வேண்டும். அதற்கு ஒரு கோட்டை வேண்டும். அவ்வளவுதான் அவருடைய யோசனை.

குசினிக்கு மேலே கோபுரம் எழுந்தது. "புதுத் தண்ணித் தாங்கியோ அண்ணை?" என்று கேட்டுவிட்டேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. வாசலுக்கு மேலே குலச்சின்னமாகச் சிங்கம் கேட்டார். "சிங்கம் வேண்டாம் ஐயா, சிங்களக் கொடியெண்டு சனம் வேறை கதை கட்டும்" என்று மேசன் நந்தியை வைத்துவிட்டுப் போனார். அகழியில் மாரித்தண்ணீர் நிறைந்ததும் எதிரிப் படை வரவில்லை, டெங்கு பார்க்கிற சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.

"தம்பி, இது கண்ட குழி கிடங்கில்லை, அகழி."

"நுளம்புக்கு ரண்டும் ஒண்டுதான் ஐயா. மூடுங்கோ."

போன பொங்கலன்று மகன் வீடியோவில் வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "அப்பா, ஊருக்கு வாற பேப்பர் கிடைச்சிட்டுது. சித்திரைக்கு வாறன், இனி உங்களோடைதான்" என்றான். கோட்டையர் ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவனுக்குப் பின்னால், போர்வைக்குள் சுருண்டபடி ஒரு கிழவர் தெரிந்தார்.

"உவர் ஆர் மோனை?"

"இவர்தான் அப்பா, அந்தப் பிரபு. பிள்ளையள் எல்லாம் அமெரிக்காவிலை. இவ்வளவு பெரிய கோட்டையிலை நானும் இவரும்தான். நான் பருக்கினால்தான் சூப் குடிப்பார்."

கோட்டையர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் மெல்லக் கையசைத்தார்.

"நீ வந்தால் உவருக்கு ஆர் பருக்கிறது? அவர் இருக்குமட்டும் அங்கை நில் மோனை."

ஃபோனை வைத்துவிட்டு அவர் அழுத அழுகை எனக்குத் தாங்கவில்லை.

இப்போது பொழுதுபட நான் புட்டோடு அவரிடம் போகிறேன். "அந்த மனிசன் சாப்பிட்டிருக்குமோ?" என்று ஸ்பெயினை நினைத்துக் கவலைப்பட்டபடியே சாப்பிடுவார். இவர் சாப்பிட்டாரா என்று பார்க்கத்தான் நான் போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.