தூணைத் தட்டிக் காட்டுபவர்

ஒவ்வொரு பழைய கோயிலிலும் ஒரு மணி, ஒரு வௌவால் கூட்டம், ஒரு தூண்தட்டி உண்டு. முதல் இரண்டும் சில நேரம் ஓயும். தூண்தட்டி ஓயமாட்டார்.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டிய எங்கள் மாதா கோயிலின் தூண்தட்டி ஆரோக்கியராஜ், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். நீங்கள் செருப்பைக் கழற்றும்போதே பக்கத்தில் வந்து நிற்பார். ஜெபிக்க வந்தீர்களா? அது அப்புறம். பீடத்து மரம் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது, ஜன்னலின் நீலக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது, உத்தரங்கள் யானை மேல் வந்தன, சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் பத்தாயிரம் முட்டையும் கலந்தார்கள் (முட்டை வாரத்துக்கு வாரம் கூடும்) என்று மூச்சுவிடாமல் சொல்லி, வாசலோரத் தூணருகே உங்களை நிறுத்தி, விரல் முட்டியால் டொக் டொக் என்று தட்டுவார்.

"சத்தத்தக் கேட்டீங்களா? இப்ப எவன் கட்டுவான்?"

நீங்களும் தட்டியாக வேண்டும். விடமாட்டார்.

இப்படி இருபது வருஷம். தூணில் தோள் உயரத்துக்குக் கிண்ணம் அளவில் பள்ளம் விழுந்துவிட்டது.

போன மே மாதம் அவர் மகள் வெண்மதிக்கு அங்கேயே கல்யாணம் என்று பத்திரிகை அடித்தாகிவிட்டது. சிறுமியாய்ப் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கிய பீடத்தின் முன்தான் தாலி ஏற வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு வாரம் முன்பு கட்டடத்தைச் சோதிக்க வந்த இன்ஜினியர் சுகுணா, பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதென்னங்க, பூச்சு தானா உதிருதா?"

வெண்மதி அப்பாவின் சட்டையை இழுத்தாள். "நீங்க தட்டுனதுன்னு சொல்லிடுங்கப்பா."

சொல்வதா? கோயிலைக் காத்தவர் என்ற பேர் போய், கோயிலைத் தேய்த்தவர் என்றாகிவிடாதா?

"அதுங்களா மேடம், வெள்ளைக்காரன் சண்டையில பீரங்கிக் குண்டு பட்டதுங்க."

"குண்டா? அப்ப உள்ள விரிசல் இருக்கும். டெஸ்ட் முடியற வரைக்கும் பூட்டிடுங்க. மூணு மாசம் ஆகும்."

கல்யாணம் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நடந்தது. பூட்டிய கதவைப் பார்த்தபடியே வெண்மதி கழுத்தை நீட்டினாள். அவரோ சம்பந்தி வீட்டாரைக் கொட்டகைக் கம்பத்தருகே நிறுத்தி, "அசல் இங்கிலாந்து இரும்புங்க" என்று தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளத்தில் என் விரலுக்கும் பங்குண்டு. இன்ஜினியர் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வண்டியின் பின்பக்கம் ஒரு கீறல் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறீர்கள்?