பன்னிரண்டு பல்லுக்கு ஒரே கிருமி

செயோன் மூன்றாவது தடவையாகத் திரையைப் பார்த்தாள். பன்னிரண்டு நோயாளிகளின் சொத்தைப் பல்வேருக்குள்ளிருந்து எடுத்த கிருமிகள். பன்னிரண்டின் மரபணு வரிசையும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது.

ஆளுக்கு ஆள் பல்வேர்க் கிருமியின் மரபணு எப்படி மாறுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. மாறவே இல்லையென்றால் நாலு வருஷ உழைப்பும் முனைவர் பட்டமும் அம்போ. அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு வேறு.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பியோன் கண்ணாடியைக் கழற்றினார். கொரியாவின் பூசான் நகரம் முழுக்கப் பேர்போன பல் வைத்தியர், சுத்தத்தில் புலி.

“பன்னிரண்டு வாயில ஒரே கிருமி எப்படி வரும்? உன் கையிலேர்ந்து ஒட்டியிருக்கு. கை கழுவத் தெரியாதவளுக்கு எதுக்கு ஆராய்ச்சி?”

“மறுபடி பண்றேன் சார்.”

பழைய திரவங்களையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கிச் செய்தாள். அதே கிருமி. நோயாளிகளின் பெயர் அவளுக்குத் தெரியாது, வெறும் எண்தான் தருவார்கள். அதனால் பேராசிரியரின் பல் மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் மால்சூன் அக்காவைக் கெஞ்சி, பன்னிரண்டு பேரையும் திரும்ப வரவழைத்தாள். இரண்டு முகக்கவசம், இரட்டைக் கையுறை, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தாள். அதே கிருமி.

பயத்தில் தன் எச்சிலையே சோதித்தாள். அதிலும் அது இருந்தது.

மறைக்க மனம் வராமல் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் குதித்தார். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற மற்ற நாலு பேரின் எச்சிலையும் சோதிக்கச் சொன்னார். நாலு பேரிடமும் அதே கிருமி. நாலு பேரும் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை.

“கூடத்தையே நாறடிச்சிட்ட. நாளைக்குள்ள ஆய்விலேர்ந்து விலகுறேன்னு எழுதிக் குடுத்துரு.”

எழுதினாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்ற நினைப்பில் எழுத்துப் பிழையாகி, இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவதை எடுத்துக்கொண்டு வரவேற்புக்குப் போனாள். பேராசிரியர் உள்ளே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

மால்சூன் அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். செயோன் அழுகையோடு முழுக் கதையையும் ஒப்பித்தாள். அக்கா நோயாளிப் பட்டியலைப் புரட்டினாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தப் பன்னிரண்டு பேரும் ஞாயித்துக்கிழமை நம்ம சார்கூட மலையேறுற கூட்டாளிங்கதான்டி; உச்சிக்குப் போனதும், ஆய்வுக்கூட விருந்துல உங்க அஞ்சு பேருக்கும் நீட்டுறாரே அதே மாதிரி, தான் மது குடிச்ச கிண்ணத்தையே நிரப்பி ஒவ்வொருத்தருக்கா நீட்டுவாரு. எல்லார் எச்சிலையும் எடுத்தியே, அவரோடத எடுத்தியா?”