காரீயச் சுரங்கத்தில் கடல் வந்த விவரம்

கல்முனைக்குடி,
20.11.2009

அன்பின் மச்சான் மஜீட் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் உடன்பிறந்த ராத்தா சுல்பிகாவும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. டோஹாவில் உங்கள் வெயிலும் வேலையும் இலேசாக துஆச் செய்கிறேன். ராத்தா போனில் சொன்ன கதையை நம்ப வேண்டாம். இருபத்தெட்டு வருசம் தபாலதிபராக இருந்தவன் முறைப்படி எழுதுகிறேன், இதுதான் உண்மை.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் கல்முனையே வேன் பிடித்து மலைநாடு பார்க்கக் கிளம்பியது. "போற வழியில சின்ன டவுன் ஒண்டுல காரீயச் சுரங்க மியூசியம் இரிக்கி, விடாமப் பாருங்க மச்சான்" என்று போனில் சொன்னவர் நீங்கள். ஆகவே முதல் குற்றவாளி நீங்கள். ராத்தாவையும் சேர்த்துப் பதினான்கு பேர் போனோம். என்னோடு தபால் கந்தோரில் முத்திரை குத்திய பாண்டிருப்பு கனகரெத்தினமும் வந்தார். மியூசியம் என்றால் பழைய முதலாளி வீட்டில் இரண்டு அறை, துருப்பிடித்த மண்வெட்டிகள், மீசை வைத்த வெள்ளைக்காரர் படம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கறுப்புக் கல். "இந்தக் கரிக்கட்டியப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்த நாங்க?" என்றார் கனகரெத்தினம். "பென்சில் செய்யிற சாமான் ஐசே, மரியாதையாப் பாரும்" என்றேன். மியூசியத்தைக் காட்டுகிற குணபால, ஒருகாலத்தில் அதே சுரங்கத்தில் வேலை செய்தவர், எல்லோருக்கும் விளக்குத் தொப்பி மாட்டி, பின்வளவில் இருந்த பழைய சுரங்கத்துக்குள் கூட்டிப்போனார். உள்ளே போய்ச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அந்த நேரம் நான் கனகரெத்தினத்துக்குச் சுரங்கம் பற்றி விளக்கிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. குணபால இருட்டில் எதையோ தட்டினார். எங்கோ தண்ணீர் இரையத் தொடங்கியது.

மச்சான், அது எனக்குத் தெரிந்த இரைச்சல். "கடல் வருகுது! ஓடுங்க!" என்று கத்தியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மட்டும் ஓடினேன் என்று ராத்தா சொன்னது சுத்தப் பொய். பதின்மூன்று பேரும் ஓடினோம். கனகரெத்தினம் "முருகா" என்றபடி எனக்கு முன்னால் ஓடினார். வெளியே வந்தும் நிற்காமல், தொப்பி விளக்கு எரிய, கடைத்தெருவைக் குறுக்கறுத்து எதிர்மலையில் ஏறினோம். எங்களைக் கண்டு ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு ஓடினார். சலூனில் இருந்த ஒருவர் பாதிச் சவரத்தோடு ஓடினார். பொலிஸ்காரர் ஒருவரும் ஓடிவந்தார். துரத்துகிறார் என்று நினைத்தேன், என்னை முந்திக்கொண்டு போய்விட்டார். உச்சியில் றப்பர் மரமொன்றைக் கட்டிப்பிடித்தபடி, "என்ன மாத்தயா வாறது?" என்று மூச்சுவாங்கக் கேட்டார்.

"கடல்" என்றேன்.

அவர் நாலு பக்கமும் பார்த்தார். நாலு பக்கமும் மலை.

இறங்கி வந்தால், சுரங்க வாசலில் சுல்பிகா, குணபால கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டிருந்தா. "நீ ஏன் ஓடல்ல?" என்று சத்தம் போட்டேன்.

"அவர் தண்ணிப் பம்பு சுவிச்சத் தட்டினத்த நான் கண்டனே. முந்தி சுரங்கத்துல தண்ணி வந்தா இப்பிடித்தான் இரையுமாம், அதத்தான் காட்டினார். அது கிடக்கட்டும், உங்கட சாரன் எங்க?"

குனிந்து பார்த்தேன். அரைக்காற்சட்டைதான் இருந்தது. சாரன் மலையில் ஏதோ பற்றையில் கிடக்கிறது. உங்கள் ராத்தா சிரிக்கத் தொடங்கினா. வயிற்றைப் பிடித்து, நிலத்தில் குந்தி, கண்ணீர் வர வரச் சிரித்தா. மகள் றிஸ்னாவைச் சுனாமியில் கடல் கொண்டுபோனதிலிருந்து, ஐந்து வருசமாக எங்கள் வீட்டில் கேளாத சத்தம். குணபாலவின் சாரனை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு நானும் அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

அது அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வந்த நாள் தொடக்கம் வீடு வீடாய்ப் போய்க் கதைக்கிறா. பள்ளிவாசலில் சின்னப் பொடியன்களும் என் சாரனைத்தான் பார்க்கிறான்கள். ஆகவே தம்பி என்ற முறையில் அவவைக் கண்டித்து உடனே ஒரு கடிதம் எழுதவும். இனி மியூசியம் என்ற பேச்சே இந்த வீட்டில் எழக்கூடாது.

உங்கள் குடும்பத்தினர் அனைவருக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத்தைத் தருவானாக.

இப்படிக்கு,
மச்சான் ஷரிபுதீன்

பின்குறிப்பு: கண்டித்து எதுவும் எழுதவேண்டாம். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி காட்டுகிற இடம் ஒன்று இருக்கிறதாம், நல்ல ஆழமாம். வருகிற கிழமை அவவை அங்கே கூட்டிப்போகிறேன். முதலில் இறங்குவது நான்தான்.