கேட்கும் வாரம்

ஆபீஸில் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் காப்பகத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறதாம், உடனே வந்து தூக்கிப்போகச் சொன்னார்கள்.

மற்ற நாளென்றால் மேலாளர் அறை வாசலில் தலையைக் காட்டினாலே போதும். பேப்பரிலிருந்து நிமிராமலே கையை ஆட்டிவிடுவார். ஆனால் இது பண்பு மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் வாரம். எதற்கும் இங்கிலீஷில், அதுவும் பணிவாக, அனுமதி கேட்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சொல்லிக்கொடுக்க டை கட்டிய வாத்தியார் வேறு வந்திருந்தார். ஃபேன் போடக்கூட கணக்கர் எழுந்து நின்று 'மே ஐ' சொன்னார்.

கூச்சம் பிடுங்கித் தின்ன, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டாள்.

"மே ஐ கோ ஹோம், சார்?"

மேலாளருக்கு முகமெல்லாம் பல். வாத்தியார் கைதட்டினார், கணக்கரும் தட்டினார். அவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

"அப்ப போகட்டுமா சார்?"

"அதை எப்படிம்மா சொல்றது? இந்த வாரம் கேக்கற பாடம். அனுமதி குடுக்கற பாடம் அடுத்த வாரம்" என்றார் மேலாளர்.

"தமிழ்ல சொல்லுங்களேன்."

"இவ்வளவு அழகா இங்கிலீஷ்ல கேட்டிருக்கே. தமிழ்ல பதில் சொன்னா உனக்குத்தானே அவமரியாதை?"

முடியாது என்றாவது சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினாள். மறுப்பது மூன்றாம் வாரம் என்றார் வாத்தியார். சாப்பிடப் போக அனுமதி கேட்டு அவளுக்குப் பின்னால் நின்ற கணக்கர், பசியோடு தலையாட்டி ஆமோதித்தார்.

அந்த நேரம் பார்த்து மேலாளரின் மனைவி போனில் கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேம்மா" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார் மனிதர், ஒரு மே ஐயும் இல்லாமல். அவர் திறந்த கதவு சாத்திக்கொள்வதற்குள் இவளும் நழுவிவிட்டாள்.

டாக்டரைப் பார்த்து மருந்தும் ஊட்டி, வீட்டில் படுக்கவைத்தபோது பிள்ளை முனகியது.

"அம்மா, தண்ணி."

டம்ளரில் எடுத்து வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவள் காதிலும் விழட்டுமே என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"வெறுமனே தண்ணின்னு கேக்கக்கூடாது கண்ணு. மே ஐன்னு ஆரம்பிக்கணும்."

பிள்ளை காய்ந்த உதட்டைத் திறந்து 'மே' என்பதற்குள் சமையலறையிலிருந்து புருஷன், இங்கே கொஞ்சம் வா என்று கூப்பிட, டம்ளரும் கையுமாக அவள் "இதோ வந்துட்டேங்க" என்று ஓடினாள்.