வலது பக்கம் போன பிளஷர்

உலகச் சாலை ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்துவிட்டது என்று டீக்கடைப் பேப்பரில் படித்த அன்றே பிச்சுமணி தென்காசியைத் துறந்துவிட்டான். உடம்பு மட்டும் ஊரில் இருந்தது.

சொந்தமாக ஒரு பழைய பிளஷர் கார் வைத்திருந்தான். சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு ஆள் ஏற்றுவான். அவன் பெண்டாட்டி உலகம்மைக்கு ஒரே ஒரு ஆசை. முன் சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போய் அருவியில் குளிக்க வேண்டும். கூப்பிடு தூரம்தான். ஆனால் சீசனில் முன் சீட்டும் கிராக்கிக்கு. சீசன் முடிந்தால் சீட்டும் காலி, அருவியும் காலி. கல்யாணமானதிலிருந்து இதே கதை. சாயங்காலம் அவன் கழற்றிப் போடும் சட்டையில் அருவி ஈரம் மணக்கும். துவைக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த மண்டூகம் அதைக் கவனித்ததே இல்லை.

"ஏட்டி, இனிமே ஒரு பெர்மிட்டு வாங்கினாப் போதும். பாரிசு, ரோமு, எங்கன வேணும்னாலும் ஓட்டலாம். நான் போகப்போறேன்."

அழுது காலைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தான். ரெண்டு தரம் முறுக்கிவிட்டு, 'சரி, போகலை' என்று சொல்லக்கூடத் தயாராக இருந்தான்.

"போயிட்டு வாங்க," என்றாள் அவள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

பிச்சுமணி இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தான். "திரும்பி வர வருசக்கணக்காகும்."

"ஆகட்டும். அங்கன எல்லாரும் வலது பக்கமாம்லா போவாங்க? நீங்க இடது பக்கம் போயி எவன் மேலயாவது ஏத்திட்டியன்னா நம்ம நாட்டுக்குல்லா கெட்ட பேரு! விடியக்காலம் குற்றாலம் ரோட்டுல பழகுங்க."

"ஸ்டியரிங்கும் வலப்பக்கம், போறதும் வலது ஓரம்னா, முன்னால ஒரு வைக்கோல் வண்டி போனாப் போதும். எதுக்க வாறது எனக்குத் தெரியாதேட்டி."

"அப்ப இடது சீட்டுல இருந்து பாத்துச் சொல்ல ஆளு வேணும்." பெருமூச்சு விட்டாள். "உங்ககூட உசிரக் கொடுக்க வேற எவ வருவா? நான்தான் வரணும்."

மறுநாள் தலை நிறைய எண்ணெயோடும் கையில் மாற்றுச் சேலையோடும் ஏறினாள்.

"சேலை எதுக்குட்டி?"

"பயத்துல வேர்த்துப்போச்சுன்னா?"

அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"வண்டி வருது! ஒதுங்குங்க, ஒதுங்குங்க!" என்று வழியெல்லாம் கத்தினாள்.

எதிரே வந்த வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்தார். "ஏலே, காலையிலேயே ஊத்திட்டியா?"

"உலக ஒப்பந்தம் அண்ணாச்சி!"

"அத உன் வீட்டுக்குள்ள ஓட்டுலே!"

குற்றாலம் போனதும், "இஞ்சின் ஆறட்டும்," என்று அருவிக்குப் போய்விட்டாள். முதல் நாள் பேரருவி. பிறகு பழைய குற்றாலம், ஐந்தருவி. ஈரத் தலையோடு, வெடவெடத்த உதட்டில் சிரிப்போடு அவள் திரும்பி வரும்போதெல்லாம் அவனுக்குப் பாரிசு மங்கியது. அங்கே பக்கத்தில் உட்கார்ந்து யார் இப்படிக் கத்துவார்கள்?

கடைசியில் ஒரு காலையில் தொண்டையைச் செருமினான். "நல்லாப் பழகிட்டேன். பெர்மிட்டுக்கு எழுதிப் போடட்டுமா?" வேண்டாம் என்று சொல்லேன் என்று குரல் கெஞ்சியது.

உலகம்மை கூந்தலைத் துவட்டினாள். "அங்கன காருல ஸ்டியரிங்கே இடப்பக்கம்தானாம். வெல்லம் பொதிஞ்ச பேப்பர்ல படம் பாத்தேன். இந்தப் பழக்கம் எதுக்கு ஆகும்?"

"எப்பட்டி பாத்த?"

"நீங்க பாரிசுக்குப் போறேன்னு சொல்லுறதுக்கு முந்தியே."

"பெறவு எதுக்கு என்னைய வலது பக்கம் ஓட்டச் சொன்ன?"

"இடது பக்கம் ஓட்டையில என்னைக்காவது என்னை ஏத்தினியளா?"